தண்ணீரில் தண்ணீரை ஊற்றும் முறை

அந்த வாரியத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. "விபத்தின்றிக் கழிந்த ஆண்டுகள்: ஒன்பது" என்று அதில் எழுதியிருக்கும். எழுதினவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டிலேயே தோலுக்கான அமிலச் சீரம் தயாரிக்க விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்குவதற்காகத் தொடங்கப்பட்ட வாரியம் அது. தொடங்கிய நாளிலிருந்து பயிற்சிக்கென்று ஒரு சொட்டு அமிலம் அதன் படியேறி வந்ததில்லை. வராத அமிலத்தால் யாருக்கு என்ன ஆகிவிடும்? இந்தச் சாதனைக்காக வாரியத் தலைவருக்கு இரண்டு முறை கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரியாமல்தான் மாத்திரைக்காரி அங்கே போய்ச் சேர்ந்தாள்.

பன்னிரண்டு வருடம் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவள் அவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள் என்பதால் தெருவே அவளை மாத்திரைக்காரி என்றுதான் அழைத்தது. முதலாளி ஒருநாள் கடையை மூடி, இடத்தைச் செல்போன் உறை விற்கிறவருக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்தவளுக்குக் கண்ணாடி பார்க்க நேரம் கிடைத்தது. பார்த்தால் இரண்டு கன்னத்திலும் கரும்புள்ளி. பன்னிரண்டு வருடம் ஊரார் முகத்துக்கு மருந்து எடுத்துக் கொடுத்த லட்சணம் அது.

மருந்தின் சேர்மானம் தெரிந்தவள் சும்மா இருப்பாளா? நகை எடைபோடுகிற மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்கினாள். காய்ச்சி வடித்த தண்ணீர், லாக்டிக் அமிலம், கொஞ்சம் கிளிசரின், கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்து. நூறு கிராமுக்கு ஐந்து கிராம் அமிலம், அதற்கு மேல் ஒரு பொட்டுகூட இல்லை. கலந்து முடித்ததும் புளிப்பின் அளவைப் பார்க்கிற காகிதத்தை நனைத்து நிறம் பார்த்தாள். முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு முழுநாள் காத்திருந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் புட்டியை அடுப்படியிலிருந்து தள்ளிவைத்தார்.

"ஏம்மா, சமையல்கட்டுல போய் ஆசிட்ட வெச்சிருக்கியே. நாளைக்கு ஞாபகமறதியா டீயில ஊத்திட்டேன்னா?"

"தயிர் புளிக்குதுல்ல, அந்தப் புளிப்புதாங்க இது. நீங்க தினமும் தொடற கரண்டுதான் ஆளைத் தூக்கும். அதுக்கு நான் ஏதாவது சொன்னேனா?"

வாரத்துக்கு இரண்டு ராத்திரி தடவினாள். பகலில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் கன்னம் தெளிந்தது. அதை முதலில் கவனித்தது தெருமுனைப் பார்லர்க்காரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதுதானே அவள் தொழில்.

"அக்கா, என் கடையில ஒரு தட்டு காலியா இருக்கு. உங்க சீரத்த அதுல அடுக்குங்க. ஆனா வாரியத்து சர்டிபிகேட் வேணும். அது இல்லாம வெச்சா என்னைத் தூக்கி உள்ள போட்டுருவாங்க. ஒண்ணாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அந்தத் தட்டு சோப்புக் கம்பெனிக்குப் போயிடும், என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

அந்தத் தட்டு நீளத்தில் இரண்டு முழம்கூட இருக்காது. ஆனால் மாத்திரைக்காரி அதை நினைத்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் யாரோ செய்ததை யாரோ எழுதிக்கொடுத்தபடி எடுத்துக் கொடுத்தாயிற்று. தான் செய்த ஒன்று, தன் பெயர் ஒட்டிய புட்டியில், ஒரு கடையில் நிற்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. இன்னொருவர் கவுண்டருக்குப் பின்னால் மறுபடி போய் நிற்கக்கூடாது என்கிற பயமும் இருந்தது. மூன்று வாரப் பயிற்சி, மாதக் கடைசியில் தேர்வு, அன்றைக்கே சான்றிதழ் என்றார்கள். கணக்கு சரியாக வந்ததால் சேர்ந்துவிட்டாள்.

முதல் வாரம் முழுவதும் கண்பாதுகாப்புக் கண்ணாடி அணிவதைப் பற்றிய பாடம். திங்கட்கிழமை கண்ணாடியின் வரலாறு. செவ்வாய் வலது காதில் மாட்டுவது. புதன் இடது காது. பாடம் நடத்தியவர் கண்ணாடியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்குக் கண்ணாடி சார் என்றே பெயர். அவர் வீட்டிலும் அதோடுதான் தூங்குவார் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் வாரம் கையுறை. மூன்றாம் வாரம்தான் மேஜைமேல் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள் வந்தன. ஒன்றில் நீலத்தில் "நீர்" என்று லேபிள். இன்னொன்றில் சிவப்பில் "அமிலம்". இரண்டையும் காலையில் ஒரே குழாயில் பிடித்து வந்ததை மாத்திரைக்காரி தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

"எல்லாரும் சொல்லுங்க. நீரில் அமிலத்தை ஊற்று. அமிலத்தில் நீரை ஊற்றாதே" என்றார் கண்ணாடி சார். முப்பது பேரும் சொன்னார்கள்.

மாத்திரைக்காரி கையைத் தூக்கினாள். "சார், ரெண்டும் தண்ணிதானே?"

"லேபிளப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். ஆனா உள்ள இருக்கறது—"

"உள்ள இருக்கறதப் பார்த்து வேலை செய்யறவங்கதாம்மா கையச் சுட்டுக்கறாங்க. லேபிளப் பார்த்து வேலை செய்யறவங்களுக்கு இந்த ஒன்பது வருஷத்துல ஒண்ணும் ஆகல."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு பையன் அவசரத்தில் நீல லேபிள் தண்ணீரைச் சிவப்பு லேபிள் தண்ணீரில் ஊற்றிவிட்டான். வகுப்பே பின்வாங்கியது. கண்ணாடி சார் வியர்த்துப்போய், ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லி, ஆவி அடங்கட்டும் என்று அரைமணிநேரம் எல்லோரையும் மாடிப்படியில் நிறுத்திவைத்தார்.

மறுநாள் அதைவிடப் பெரிய கூத்து. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வகுப்பில் இருந்தார். தாகம் எடுத்தது, மேஜைமேல் தண்ணீர் இருந்தது, தம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டார். எந்த லேபிள் என்று பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, அவருக்கு உடம்பில் நீர்ச்சத்து நன்றாக இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். விபத்து என்று பதிந்தால் வாசல் பலகையை அழிக்கவேண்டிவரும். ஆகவே அதை "செயல்முறை விளக்கம்" என்று பதிந்தார்கள். கூடவே ஒரு குழு அமைத்து விசாரித்ததில், ஜாடியில் இருந்த அமிலம் பழசாகி வீரியம் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பழைய அமிலம் முறைப்படி அழிக்கப்பட்டது, அதாவது செடிக்கு ஊற்றப்பட்டது. புதிய அமிலம் குழாயில் பிடிக்கப்பட்டது.

புளிப்பை அளக்கும் மீட்டர் ஒன்றும் அங்கே இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், அரக்குச் சீலோடு.

"அத ஒரு தடவ எடுத்துக் காட்டுங்களேன் சார். பிஎச் பார்க்காம சீரம் செஞ்சா முகம் வெந்துடும்."

"அது ரொம்பத் துல்லியமான மீட்டர்மா. துல்லியம்னு சான்று கொடுத்துச் சீல் வெச்சிருக்காங்க. எடுத்து அளந்தா சீல் போயிடும், துல்லியமும் போயிடும்" என்றார் கண்ணாடி சார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில்கூடச் சுரைக்காய் இல்லை.

ஆனால் அந்தக் கட்டடத்தில் நிஜமான அமிலம் இருக்கத்தான் செய்தது. வகுப்புக்கு வெளியே நடைவழியின் கோடியில் கழிப்பறை. அதைத் துடைக்கிற அம்மா தினமும் ஒரு பிளாஸ்டிக் புட்டியிலிருந்து வாளியில் ஊற்றிக் கலப்பார். மூடியைத் திறந்தாலே புகை கிளம்பும், மூக்கு எரியும். அந்த அம்மாவின் கையில் கையுறை கிடையாது. விரல்களெல்லாம் தோல் உரிந்து, நகத்தோரம் புண்ணாகிக் கிடந்தது. உள்ளே முப்பது பேர் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு குழாய்த் தண்ணீரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள்.

மாத்திரைக்காரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "சார், அவங்களுக்கு ஒரு ஜோடி கையுறை குடுக்கலாமே" என்று கேட்டாள்.

"அவங்க துப்புரவுப் பிரிவு. கையுறை அமிலப் பிரிவுக்கு."

"அவங்க கையில இருக்கறதுதான் சார் அமிலம்."

"இல்லம்மா. பதிவேட்டுல அதுக்குப் பேரு தரைத் துலக்கித் திரவம்."

அந்த அம்மாவிடமே போய்ச் சொன்னாள். "நீங்க கேட்டு வாங்குங்கம்மா." அந்த அம்மா சிரித்தார். "நான் ஒப்பந்த ஆளு தாயி. கேட்டா, கையுறை போட்ட வேற ஆள கூட்டிட்டு வந்துடுவாங்க."

தேர்வு நாள் வந்தது. மாதத்தின் கடைசி நாள். தலைவர் நேரில் வந்து ஒருமணிநேரம் உரையாற்றினார்.

"பாதுகாப்புன்னா என்ன? ஆபத்துகிட்ட போகாம இருக்கறது. நாங்க அதுக்கும் ஒரு படி மேல. வேலைகிட்டயே போகாம இருக்கோம். இந்த நாற்காலியில உக்காந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு முடிவுகூட எடுத்ததில்ல. எடுத்திருந்தா அதுல ஒண்ணாவது தப்பாயிருக்கும். இங்க பயிற்சி முடிச்ச ஆயிரத்து நூறு பேர்ல ஒருத்தர் முகத்துலகூட ஒரு கொப்புளம் வரல. ஏன்னு கேளுங்க. ஒருத்தர்கூட சீரம் செய்யல."

பலத்த கைதட்டல். அவர் அதைத் தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

மாத்திரைக்காரியின் முறை வந்து, அவள் சிவப்பு லேபிள் ஜாடியைக் கையில் எடுத்தபோதுதான் நடைவழியில் அந்த அலறல் கேட்டது. புட்டி கைதவறி, திரவம் அப்படியே அந்த அம்மாவின் இரண்டு கையிலும் கொட்டியிருந்தது. கழிப்பறைக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. வகுப்பு மூலையில் அவசரக் குளிப்புக் குழாய் ஒன்று இருந்தது. ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தவர்கள் அதற்குத் தண்ணீர் இணைப்புக் கொடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டாம் மாடி. கீழே முற்றத்துக் குழாய்க்கு நாற்பது படி.

மற்ற எல்லோரும் பயிற்சியில் சொன்னபடி சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டார்கள். கண்ணாடி சார் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மாத்திரைக்காரி மட்டும் ஜாடியோடு வெளியே ஓடினாள். அந்த அம்மாவின் கைகளைப் பிடித்து, ஜாடித் தண்ணீரை மளமளவென்று ஊற்றினாள்.

"ஐயோ, அமிலத்த ஊத்தறாங்க" என்று உள்ளே யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

முதல் ஜாடி தீர்ந்ததும் உள்ளே வந்து நீல ஜாடியைத் தூக்கிப்போய் அதையும் ஊற்றினாள். பிறகு அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கீழே கூட்டிப்போய், முற்றத்துக் குழாயடியில் இருபது நிமிடம் கைகளை வைத்திருந்தாள். அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வலது கையில்தான் காயம் ஆழம், கை பிழைத்தது தண்ணீரால்தான் என்று டாக்டர் சொன்னார். எங்கே நடந்தது என்று கேட்டார்கள். பார்த்ததை மாத்திரைக்காரி சொன்னாள்.

மறுநாள் ஒண்ணாம் தேதி. காலையிலேயே தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைமேல் மூன்று காகிதங்கள் இருந்தன. ஆஸ்பத்திரி அனுப்பிய படிவம் ஒன்று. பணியிடத்தில் பட்ட காயம்தான் என்று அதில் சாட்சி கையெழுத்து வேண்டும். அது இருந்தால் அந்த அம்மாவுக்குச் சிகிச்சையும் சம்பளத்தோடு லீவும் உண்டு, இல்லாவிட்டால் வேலையே போகும். இரண்டாவது, அந்த அம்மா வீட்டிலேயே கையைச் சுட்டுக்கொண்டு வந்தார் என்று மாத்திரைக்காரி சொல்வதாகத் தட்டச்சு செய்த வாக்குமூலம். மூன்றாவது அவளுடைய சான்றிதழ்.

"நேத்து தேதியே போட்டுட்டேன்" என்றார் தலைவர், சான்றிதழைத் தட்டிக்கொண்டே. "இந்த வாக்குமூலத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. பலகைய அழிக்க எனக்கு மனசு வரல. ஒன்பது வருஷத்து உழைப்பு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அவர் சோறுகூடத் தயாராக வைத்திருக்கவில்லை, ஒரு காகிதம்தான் வைத்திருந்தார். மாத்திரைக்காரி சான்றிதழைப் பார்த்தாள். அவள் பெயர் அழகான எழுத்தில் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அந்தத் தட்டு காலியாக இருக்கும். அவள் பொய்யே சொல்லாதவள் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் அவள் கை பேனாவுக்குப் போகத்தான் செய்தது. அப்போது அந்த அம்மாவின் உரிந்த விரல்கள் நினைவுக்கு வந்து, பேனாவைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

புதிதாக நிரப்பிய சிவப்பு லேபிள் ஜாடி அறை ஓரத்தில் இருந்தது. அதை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், நீங்க கைய நீட்டுங்க. இதுலேர்ந்து ஒரு சொட்டு விடறேன். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "மூடும்மா அத. மூடு. தெறிச்சுடப் போகுது."

மாத்திரைக்காரிக்குக் கோபம் வந்திருந்தது, அது அந்த நிமிடத்தில் வடிந்துபோயிற்று. மனுஷன் நடிக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவர் நடிக்கவில்லை. தான் ஒட்டிய லேபிளைத் தானே நம்பி, ஒன்பது வருடமாகக் குழாய்த் தண்ணீருக்குப் பயந்து வாழ்கிற மனிதர் அவர். ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். சான்றிதழை மேஜையிலேயே விட்டுவிட்டு, படிவத்தோடு வெளியே வந்தாள். அன்று சாயங்காலம் பார்லர்க்காரியின் தட்டில் சோப்பு ஏறியது.

"அந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல" என்றார் வீட்டுக்காரர், ராத்திரி சாப்பிடும்போது.

"போட்டிருந்தா நீங்க என்ன நினைச்சிருப்பீங்க?"

அவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். "உன் சீரத்த நம்பி என் மூஞ்சில தடவ விட்டிருக்கமாட்டேன்" என்றார்.

படிவத்தில் கையெழுத்து விழுந்துவிட்டதால் வாரியம் வேறு வழியில்லாமல் தன் முதல் விபத்தைப் பதிந்தது. அந்த அம்மாவுக்குச் சிகிச்சையும் ஆறு வார லீவும் கிடைத்தன. வாசல் பலகையில் ஒன்பதை அழித்துச் சுழியம் போட்டார்கள். பிறகு விபத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு குழு உட்கார்ந்தது. ஜாடியில் இருந்தது அமிலம், ஆனால் அது பட்டு யாருக்கும் தீங்கில்லை, ஆகவே அமிலம் காரணமல்ல. புட்டியில் இருந்தது தரைத் துலக்கித் திரவம், அது ஆபத்தான பொருள்களின் பட்டியலிலேயே இல்லை. சம்பவ இடத்தில் மிச்சமிருந்த ஒரே பொருள் தண்ணீர். தரையெல்லாம் அது கிடந்ததை முப்பது சாட்சிகள் பார்த்திருக்கிறார்கள். "காரணம்: தண்ணீர்" என்று எழுதிக் குழு கலைந்தது. அடுத்த நாளிலிருந்து வகுப்பறைக்குள் தண்ணீர் கொண்டுவரத் தடை.

இரண்டு மாதம் கழித்துப் பார்லர்க்காரி தானாகவே வந்தாள். சோப்பு போட்டவர்களுக்கெல்லாம் தோல் வறண்டு, கடை வாசலில் சண்டை நடந்ததாம். "தட்டு மறுபடி காலிக்கா. ஆனா சர்டிபிகேட் இல்லாம முடியாது. உங்களுக்கே தெரியும்."

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும். மாத்திரைக்காரி மறுபடியும் பயிற்சியில் சேர்ந்தாள். விபத்துக்குத் தண்ணீர்தான் காரணம் என்று பதிவாகிவிட்டதால் வாரியம் அவளைத் தடுக்கவில்லை. வலது காது, இடது காது, கையுறை எல்லாம் மறுபடி நடந்தது. தேர்வு நாளில் மேஜைமேல் இரண்டு ஜாடிகள் இருந்தன. ஒன்றில் நீல லேபிள், ஒன்றில் சிவப்பு. இரண்டும் காலி. அவள் சிவப்பு ஜாடியை எடுத்து, நீல ஜாடியின்மேல் சாய்த்தாள்.

"மெதுவாம்மா" என்றார் கண்ணாடி சார், இரண்டடி தள்ளி நின்று.

அவள் மெதுவாகச் சாய்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தாள். ஜாடியின் விளிம்பை லேசாகத் தட்டவும் செய்தாள். தலைவர் அவளுக்கு "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"கையுறையக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்கம்மா. வாரியத்து சொத்து" என்று கண்ணாடி சார் பின்னாலிருந்து கையை நீட்டினார்.

மாத்திரைக்காரி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "குடுக்கறேன் சார். ஆனா ஊத்தும்போது ஆசிட் கொஞ்சம் தெறிச்சிருச்சு. பார்த்து வாங்குங்க."

அவர் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. நீங்களே எடுத்துட்டுப் போய் அழிச்சிடுங்க."

நடைவழியின் கோடியில் அந்த அம்மா வேலைக்குத் திரும்பியிருந்தார். வலது கையில் தழும்பு, பக்கத்தில் வாளி, கக்கத்தில் அதே புட்டி. மாத்திரைக்காரி கையுறைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறது என்று சொன்னார்.